ஃப்ரீசரில் உன் கையெழுத்து

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலம், அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு மேலே போகலாம்தான், ஆனால் அப்படி எழுதினால் அதில் பாதி பொய்யாகிவிடும், அதனால் ஆளுக்கொன்றாக எழுதுகிறேன். அம்மா நலம், படி ஏறும்போது முழங்கால் மட்டும் சத்தம் போடுகிறதாம். நான் நலம். உன் தம்பி நலமாகிக்கொண்டிருக்கிறான். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் இல்லை என்றே எழுது.

கையில் போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நான் கத்துவேன், மூன்றாவது நிமிடம் நீ அழுவாய், நான்காவது நிமிடம் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். காகிதத்தில் கத்தினால் கிழித்துப் போட்டுவிடலாம். ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது. ஐந்து வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் கையில் கிரீஸ், அப்புறம் பேசுகிறேன் என்று போனை அம்மாவிடம் தள்ளிவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன். தராசும் வெப்பமானியும் சரிபார்க்கும் என் வேலையில் கிரீஸே கிடையாது என்பது உனக்குத் தெரியும், நீயும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவைத் தையல் ஆலையில் தைத்து முடித்த சட்டைகளைப் பரிசோதிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரைக்கூட உற்றுப் பார்க்கிறாள், போன வாரம் ஒருவரிடம் உங்க காலர் ஒரு பக்கம் இழுத்திருக்குங்க என்று சொல்லியே விட்டாளாம், அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாராம். உன் மாமா ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான், ஓட்டத் தெரியாது, மாலையில் தள்ளிக்கொண்டே நடக்கப் போகிறான், அக்கா இதுவும் ஒரு உடற்பயிற்சிதானே என்று அம்மாவிடம் வேறு சொல்கிறான். குளியலறைக் குழாய் சரியாகிவிட்டது. உன் அறையில் ஹீட்டரை நீட்டிப்பு ஒயரில் செருகாதே, சுவரில் இருக்கும் பிளக்கிலேயே செருகு, அதன் மேல் ஈரத்துணி போடாதே. இதைப் பத்தாவது முறையாகச் சொல்கிறேன், பதினொன்றாவது முறையும் சொல்வேன்.

இனி விஷயம். அந்தப் பாட்டில்களை நான் பார்த்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் ஆளுக்குப் பாதிதான் தெரியும். நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது அவனுடைய ஃபுட்பால் ஷூவுக்குள் வலி மாத்திரை அட்டைகளை நான் கண்டெடுத்தேன். தோளில் அடிபட்டபோது டாக்டர் பத்து நாளுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை, பத்து நாள் முடிந்து வலியும் போன பிறகு சீட்டு இல்லாமலே டீம் பையன்கள் வழியாக மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. அன்று ஹால் நடுவில் நின்று நான் போட்ட சட்டத்தை நீயும் கேட்டாய். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குக் கப்பில் சிறுநீர் பிடித்துத் தர வேண்டும், மருந்துக்கடையில் வாங்கிய சோதனைப் பட்டையை நான் அதில் நனைத்துப் பார்ப்பேன், ஒரே ஒரு தடவை தப்பாக வந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். அம்மா ஏங்க என்று ஆரம்பித்தாள், நான் அவளைப் பேச விடவில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் பட்டை சுத்தமாக வந்தது. நீ ஊருக்குப் போன பிறகும் சுத்தமாகவே வந்தது. நான் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பாத்தியா, ஒரு ஒழுங்கு வெச்சா பையன் திருந்துறான் என்று அம்மாவிடம் மார்தட்டினேன்.

நீ போனபின் ஆறாவது ஞாயிறு. லேபில் புது வெப்பமானி ஒன்று வந்திருந்தது, நீளமான ஊசி மாதிரி இருக்கும், திரவத்தில் விட்டால் நொடியில் டிகிரி சொல்லும். வீட்டுக்குக் கொண்டுவந்து குழந்தை மாதிரி எல்லாவற்றிலும் விட்டுப் பார்த்தேன், குழாய்த் தண்ணீர், பால், அம்மாவின் காபி. இன்னொரு தடவ என் காபில விட்டீங்க, வெப்பமானி ரெண்டா இருக்கும் என்றாள். அந்த நேரம் உன் தம்பி கப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான், கை சும்மா இருக்காமல் அதிலும் விட்டேன். காபிக்கு அப்புறம்தான் இது, வரிசை மாறவில்லை, அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். பதினாறு டிகிரி காட்டியது. உயிரோடு இருக்கும் மனிதனிடமிருந்து பதினாறு டிகிரியில் எதுவும் வராது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் ஃப்ரிட்ஜைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு டப்பா, அதற்குள் இரண்டு சின்ன பாட்டில். வெள்ளை டேப் ஒட்டி, மேலே தேதி, கிழமை, வரிசை எண். எட்டில் ஏழு, எட்டில் எட்டு. உன் கையெழுத்து. லேபிள் இல்லாதது எல்லாம் குப்பை, ஃப்ரீசரில் எது வைத்தாலும் தேதி போடு என்று உன் ஆறு வயதிலிருந்து உன் உயிரை வாங்கியவன் நான்தான். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் ஒரு பிள்ளை தம்பிக்காகத் தன் சிறுநீரைப் பிடித்து வைத்துவிட்டு அதற்குத் தேதியும் எண்ணும் போட்டிருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக வந்தது, அப்புறம் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயம் புரிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, ஆறு வாரமா அந்தப் பட்டாணியவா நான் சமைச்சேன் என்பதுதான். அழுதது அதற்கப்புறம்.

உன் தம்பி உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, டேப்தான் காட்டிக்கொடுத்தது. அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்கப்பா, நான்தான் கால்ல விழுந்தேன், ரெண்டு மாசத்துல விட்டுடுறேன், அதுவரைக்கும் மட்டும் காப்பாத்துன்னு கேட்டேன், நீங்க வெளிய தள்ளிட்டா நான் எங்க போவேன் என்றான். எட்டு ஞாயிறு, இரண்டு மாதம். நீ கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறாய். அதில் போன ஆறு வாரத்தில் அவன் விடவில்லை, பட்டையைப் பற்றிய பயம் போய்விட்டதால் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். காலையில் ஒன்று போட்டால்தான் பல் தேய்க்கவே கை வருமாம். அம்மா கொடுத்த சாப்பாட்டை நேராகக் குப்பையில் கொட்டியிருக்கிறான். அவனுக்கு எட்டு வாரம் அவகாசம் தருவதாக நினைத்து அந்த மாத்திரைக்குத்தான் எட்டு வாரம் தந்திருக்கிறாய். நீ செய்தது தப்பு. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது.

நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு, அதையும் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். குளிர்பதனக் கிடங்கு மேனேஜர் ஒருவன் கதை சொல்வேனே, நான் வெப்பமானி சரிபார்க்கப் போகும் தேதி தெரிந்து, அன்று காலை மட்டும் சென்சார் பக்கத்தில் ஐஸ் பாளம் வைத்து என்னை ஏமாற்றியவன். அதை எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பேன், சோதனை வரும் நேரம் முன்னாலேயே தெரிந்தால் அது சோதனையே இல்லை என்று. அப்படிச் சிரித்த நானே வீட்டில் ஞாயிறு ஏழு மணி என்று பலகை மாட்டி வைத்தேன். அது போகட்டும். தப்பாக வந்தால் வெளியே என்று சொன்னேன் பார், அது அதைவிட மோசம். ஒரு கருவி தப்பாகக் காட்டினால் அதைத் தெருவில் வீசுவதில்லை, கழற்றிப் பார்ப்பேன். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் வேறு சட்டம் போட்டேன். மாத்திரையைவிட என்னைக் கண்டு அவன் அதிகம் பயந்தான், அந்தப் பயத்தில் நீயும் பங்கெடுத்துக்கொண்டாய்.

மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் நீங்க அண்ணனா, அப்பா வரலயா என்று கேட்டாள், நாற்பதுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கும்மா, நான்தான் அப்பா என்றேன், வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். டாக்டரம்மா அளந்து பேசுகிறவர். நான் நோட்டை எடுத்து நீட்டினேன், இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தார். சார், நீங்க வீட்டுல பண்ணது வைத்தியம் இல்ல, செக்போஸ்ட் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது, ஆனால் உன் தம்பி அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான், அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான், பரீட்சைக்குப் படிக்கிறான் என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய், நான்தான் சொல்லச் சொன்னேன், அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி உனக்குச் சொல்கிறேன். தராசு ஒன்றின் மேல் ஒரு எடையை வைத்து எடுக்காமலே விட்டுவிட்டால், கொஞ்ச நாளில் முள் அந்த எடையையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு எடையைத் தூக்கினால் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அவன் உடம்பு அப்படித்தான் ஆகியிருந்தது. கடைசி மாதங்களில் சந்தோஷத்துக்காக அவன் மாத்திரை போடவில்லை, நம்மைப் போல் சாதாரணமாக எழுந்து நிற்கவே போட்டான். முதல் ஐந்து நாள் அவன் பட்டதை நான் எழுதப் போவதில்லை, அங்கே கூட இருந்த அம்மா தினமும் மூன்று படுக்கை விரிப்பு மாற்றினாள் என்பதோடு விடுகிறேன். சோம்பேறி, திமிர் பிடித்தவன், மனசு வைத்தால் விடலாம் என்றெல்லாம் நான் சொன்ன எதையும் அந்த ஐந்து நாளுக்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னார், இதை நீ இரண்டு தடவை படி. விட்ட பிறகுதான் ஆபத்து அதிகமாம். உடம்பு பழையபடி சுத்தமாகிவிடும், மனசுக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும், அன்று தாங்கியதை இன்று போட்டால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். நான் தலையாட்டினேன், ஏதோ எச்சரிக்கை அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே நெட்டை போய்விட்டான்.

நெட்டையை உனக்குத் தெரியும், அவர்கள் டீமின் கோல்கீப்பர், வரும்போதெல்லாம் நம் சமையலறை நிலையில் தலையை இடித்துக்கொண்டு, ஆன்ட்டி, வீட்டை உயர்த்திக் கட்டச் சொல்லுங்க என்று அம்மாவிடம் சொல்வானே, அவன்தான். அவனும் இதே மாத்திரைதான். வீட்டில் யாருக்கும் தெரியாமல் தானாகவே விட்டிருக்கிறான், மூன்று வாரம் தொடவில்லை. ஒரு மத்தியானம் பழைய கணக்கில் போட்டுவிட்டுப் படுத்தான், அவன் அம்மா வேலையிலிருந்து வந்து எழுப்பினாள், எழவில்லை. பத்தொன்பது வயது. நானும் உன் தம்பியும் போனோம். அவன் அம்மா அழுது முடித்துக் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள், உன் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குத் தெரியுமாப்பா, உனக்கு முன்னாலயே தெரியுமா என்று கேட்டாள். திட்டவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில்தான் இவன் அதற்குப் பதிலை என்னிடம் சொன்னான். தெரியுமாம். மறுபடி ஆரம்பிக்கலாம்னு தோணுதுடா, யார்கிட்டயும் சொல்லிடாத என்று நெட்டை முந்தின நாள்தான் போனில் சொன்னானாம், இவன் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தானாம். நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தானாம். அன்று அந்த அம்மாவை ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது, யாருக்கும் தெரியாது. நான் அதை அவனிடம் சொல்லவில்லை. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு அவன் சரியாகப் பேசவில்லை, வேளாவேளைக்குச் சாப்பிட்டான், கிளினிக்குக்குப் போனான், கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். போன வியாழக்கிழமை நான் லேபில் இருந்தேன், மத்தியானம் மூன்று மணி இருக்கும். மருந்துக்கடை ஒன்றின் தராசைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான், என் லேபுக்கு அவன் வந்ததே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான். அப்பா, ஒண்ணு போட்டுட்டேன்ப்பா, பாதிதான், இன்னொண்ணு பையில இருக்கு, போட்டுடுவேன்னு பயமா இருக்கு என்று சொன்னான். பொய் சொல்லாமல் எழுதுகிறேன், எனக்குக் கை ஓங்கத் தோன்றியது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, அதைக் கீழே வைக்க வேண்டியிருந்ததால் ஒரு நொடி கிடைத்தது. அந்த ஒரு நொடியில் டாக்டரம்மா கேட்கச் சொன்ன கேள்வி ஞாபகம் வந்தது, எத்தனை மணிக்குடா போட்ட என்று கேட்டேன். ரெண்டே காலுக்கு என்றான். பையில் இருந்ததை மேசையில் வைத்தான், நான் கேட்கவில்லை. லேபைப் பூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இங்க யாரும் திட்ட வேண்டாம், இது இந்த நோய்ல நடக்கறதுதான், வந்து சொன்னான் பாருங்க, அதுதான் முக்கியம் என்றார். மாலை வரை அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். வரும் வழியில், வீட்டுக்குத்தானே போறோம் என்று அவன் கேட்டான். வேற எங்கடா போறது என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

பயந்துவிடாதே, இப்போது நன்றாக இருக்கிறான். எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுத மாட்டேன், எவ்வளவு நாள் ஆகும் என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை, எனக்குத் தேதி இல்லாத வேலை பிடிக்காது என்பது உனக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு பழகிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு ஏழு மணி கிடையாது, சோதனை எல்லாம் கிளினிக்கில் அவர்கள் சொல்லும் நாளில் நடக்கும், என்ன முடிவு வந்தாலும் அவன் தூங்குவது நம் வீட்டில்தான். இதை நான் அவனிடமும் சொல்லிவிட்டேன், அம்மா முன்னால் சொன்னேன், நீயும் சாட்சியாக இருக்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். நாளைக்கே எனக்குக் கோபம் வந்து மாற்றிப் பேசினால் இந்தத் தாளை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டு.

நீ செய்ததற்கு உன்மேல் கோபம் இருந்தது, இரண்டு தாள் கிழித்ததோடு தீர்ந்துவிட்டது. நீயும் அங்கே தனி அறையில் உட்கார்ந்துகொண்டு என்னால்தான், என்னால்தான் என்று அழாதே, அதற்கு நேரம் இல்லை. உனக்கு வேலை இருக்கிறது. கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்தார்கள், மனசு தடுமாறும்போது யாரைக் கூப்பிடுவாய் என்று ஒரு கேள்வி, அதில் உன் எண்ணைத்தான் எழுதியிருக்கிறான், அதுவும் யோசிக்காமல் எழுதினான். அங்கே உன் அலுவலகத்திலும் வரைபட மேசைகளில் இரவு பகலாகத் தூங்காமல் வேலை செய்ய ஏதேதோ போடுகிறவர்கள் இருப்பார்கள், தலைவலி, களைப்பு என்று யார் எதை நீட்டினாலும் வாங்காதே, நெட்டைக்கும் உன் தம்பிக்கும் சீட்டில்லாத முதல் அட்டையை நீட்டியது எதிரி இல்லை, கூட விளையாடினவன்தான். கண்ணைப் பரிசோதித்துக்கொள், அம்மா சொல்லச் சொன்னாள். அவள் பின்னிய கம்பளிச் சட்டை இந்தக் கடிதத்தோடு வருகிறது, காலரை நீயும் ஒரு தடவை பார்த்துவிடு.

நீ நீண்ட நாள் நலமாக, யாருக்கும் பயப்படாமல், எதையும் ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். மாமா ஸ்கூட்டர் கற்றுக்கொண்டதும் உன்னை நேரில் வந்து வாழ்த்துவானாம், அதனால் அவசரப்பட்டு எதிர்பார்க்காதே.

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. உன் தம்பி உன்னைக் கூப்பிடுவான். என்றாவது ஒரு நாள் அழுதுகொண்டே, அப்பாகிட்ட சொல்லாதக்கா, இந்த ஒரு தடவ மட்டும் என்று கேட்பான். முடியாதுடா என்று சொல். சொல்லிவிட்டு போனை மட்டும் வைத்துவிடாதே, அந்தப் பக்கம் நீ பேசிக்கொண்டே இரு, பக்கத்தில் இருக்கும் யார் போனிலிருந்தாவது எனக்குச் செய்தி சொல், நான் அவன் பக்கத்தில் போய்ச் சேரும் வரை பேசிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் அப்பா